மார்ச் மாதம் யாருக்குச் சொந்தம்? ஒரு டிகிரி அப்ரெண்டிஸின் நான்கு வருடங்கள்

'அப்ரெண்டிஸ்' என்றால் நம் ஊர்க் காதுக்குப் பெரம்பூர் ஐசிஎஃப்பும் திருச்சி பெல்லும்தான் ஞாபகம் வரும். ஐடிஐ முடித்த பையன், நீலச் சட்டை, கையில் அரம். 2017 செப்டம்பரில் லண்டனில் எங்கள் ஆடிட் அலுவலகத்துக்கு 18 வயதுப் பெண் ஒருவர் அந்தப் பதவிப் பெயரோடு வந்து சேர்ந்தார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அவருடைய அம்மாவுக்கு ஐசிஎஃப் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்தச் சொல் தந்த சங்கடம் அதேதான்.

பள்ளி முடித்து நேராக வேலைக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து அலுவலகத்தில் ஒரு மாலைக் கூட்டம் வைத்தோம். தமிழ் முகம் என்று பார்த்து அந்த அம்மா என்னிடம் வந்தார்.

"அண்ணா, பிள்ளை ஏ லெவல்ல நல்ல ரிசல்ட் எடுத்தவள். யூனிக்குப் போகாமல் அப்ரெண்டிஸா நிக்கிறாள் எண்டு சனத்துக்குச் சொல்ல ஏலாமல் கிடக்கு."

"யுனிவர்சிட்டிக்கும்தான் போகப் போறாங்க அக்கா. டிகிரி கிடைக்கும், சம்பளம் கிடைக்கும், ஃபீஸும் நீங்க கட்ட வேண்டாம்."

"ஃபீஸ் கட்டாத யூனி என்ன யூனி, அண்ணா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவருடைய மகளுக்கு நான் நான்கு வருடம் பயிற்சி மேற்பார்வையாளராக இருந்தேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அலுவலகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பெயர் சொல்லப் போவதில்லை.

வரியில் பிறந்த திட்டம்

எங்கள் அலுவலகம் இந்தத் திட்டத்துக்குள் கல்விப் பாசத்தால் வரவில்லை. 2017 ஏப்ரலில் பிரிட்டனில் அப்ரெண்டிஸ்ஷிப் லெவி என்ற வரி நடைமுறைக்கு வந்தது. ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனம் 0.5 சதவீதம் கட்ட வேண்டும். அதில் 15,000 பவுண்டு கழிவு. சம்பளச் செலவு 80 லட்சம் பவுண்டு என்று வைத்துக்கொண்டால் வரி 40,000, கழிவு போக 25,000. இங்கிலாந்தில் அந்தப் பணம் நிறுவனத்தின் பெயரில் ஒரு டிஜிட்டல் கணக்கில் போய் உட்காரும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிக்கு மட்டும் அதைச் செலவிடலாம். அப்போதைய விதிப்படி 24 மாதத்துக்குள் செலவிடாவிட்டால் காலாவதி. ஆடிட்டர்களிடம் போய் 'பணம் காலாவதியாகும்' என்று சொன்னால் என்ன நடக்கும்? மூன்றே மாதத்தில் எங்களிடம் ஒரு டிகிரி அப்ரெண்டிஸ்ஷிப் திட்டம் தயாராகிவிட்டது.

வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் பட்டயக் கணக்காளர் நிறுவனத்துக்கு 1880 இல் அரச சாசனம் கிடைத்தது. நாங்கள் அதை 'இன்ஸ்டிட்யூட்' என்றே சொல்வோம். அந்தக் காலத்தில் கணக்காளராக ஆர்ட்டிக்கிள் கிளார்க், அதாவது ஒப்பந்தப் பயிற்சியாளர், வேலை ஐந்து வருடம் பார்க்க வேண்டும், பட்டதாரி என்றால் மூன்று வருடம். சம்பளம் கிடையாது என்பது மட்டுமல்ல, பையனைச் சேர்த்துக்கொள்ள அப்பா 'பிரின்சிபல்' எனப்படும் பயிற்சி தரும் கணக்காளருக்கு 'பிரீமியம்' கொடுப்பதே வழக்கமாக இருந்தது. இப்போது பணம் நேர் எதிர்த்திசையில் ஓடுகிறது. 'ஃபீஸ் கட்டாத யூனி' என்று அந்த அம்மா முகம் சுளித்தபோது அவருக்குப் பின்னால் நூறு வருட வழக்கம் நின்றுகொண்டிருந்தது.

படிப்பையும் வேலையையும் பின்னுவது லெவிக்கு முன்பே இருந்ததுதான். பெரிய ஆடிட் நிறுவனமான பிடபிள்யூசி, நியூகாசில் பல்கலைக்கழகம், இன்ஸ்டிட்யூட் மூன்றும் சேர்ந்து 2002 இல் 'ஃப்ளையிங் ஸ்டார்ட்' என்ற பட்டப்படிப்பைத் தொடங்கின. நான்கு வருடம்; நடுவில் சம்பளத்தோடு மூன்று முறை பிடபிள்யூசியில் வேலை. இன்ஸ்டிட்யூட் தரும் பட்டயக் கணக்காளர் தகுதியான ஏசிஏவின் தேர்வுகளில் பெரும்பகுதி படிப்போடு சேர்ந்தே முடிந்துவிடும். பிறகு நாட்டிங்காம், ரெடிங், பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் என்று அது பரவியது. ஆனால் அங்கே மாணவர் மாணவர்தான்; கட்டணம் அவருடையது, வேலை நடுவில் வந்து போவது. எங்கள் பெண் அப்படியில்லை. முதல் நாளிலிருந்தே ஊழியர், 12 மாதமும் சம்பளம், கட்டணம் லெவியிலிருந்தும் அலுவலகத்திடமிருந்தும். காகிதத்தில் இது சின்ன வித்தியாசமாகத் தெரியும். மாணவருக்கு நெருக்கடி வந்தால் பல்கலைக்கழகத்தின் பக்கம் சாய இடம் உண்டு. ஊழியருக்கு நெருக்கடி வந்தால் சாய்வது மேனேஜர் மேல்தான், அந்த மேனேஜருக்கோ ஜனவரியில் ஆள் தேவை.

மூன்று நாள்காட்டிகள்

எங்கள் ஏற்பாடு இது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பல்கலைக்கழகம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அலுவலகம். மே, ஜூனில் பல்கலைக்கழகத் தேர்வுகள். பிறகு கோடை முழுக்க அலுவலகம். இதற்குள் அப்போதைய ஏசிஏவின் 15 தேர்வுகளும் அடங்க வேண்டியிருந்தது: சான்றிதழ் நிலையில் ஆறு, தொழில்முறை நிலையில் ஆறு, உயர்நிலையில் மூன்று. கூடவே 450 நாள் பணி அனுபவம். அப்போதைய அப்ரெண்டிஸ்ஷிப் விதிப்படி சம்பளம் தரும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது வேலைக்கு வெளியே பயிற்சியாக இருக்க வேண்டும், அதை மணிக்கணக்கில் பதிவும் செய்ய வேண்டியிருந்தது.

எண்ணிக்கையில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. கேள்வி, எந்த வாரம் என்பதுதான்.

ஆடிட் அலுவலகத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை ஏன் தலை தெறிக்கிறது என்பதை வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனங்களில் பலவற்றுக்குக் கணக்காண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. லண்டன் பங்குச்சந்தையின் முதன்மைப் பட்டியலில் இருப்பவை நான்கு மாதத்தில் ஆண்டறிக்கை வெளியிட்டாக வேண்டும். சிறிய நிறுவனங்களுக்கான ஏஐஎம் சந்தையில் இருப்பவற்றுக்கு ஆறு மாதம், தனியார் நிறுவனங்களுக்கு ஒன்பது மாதம். பெரிய கிளையண்டின் கையெழுத்து மார்ச்சில் என்றால் பிப்ரவரி என்ற மாதமே காணாமல் போகும். டாக்ஸ் பிரிவின் உச்சம் வேறு, தனிநபர் வரிப் படிவங்களுக்கு ஜனவரி 31 கடைசி நாள்.

பல்கலைக்கழகத்தின் கண்ணுக்கு ஜனவரி என்பது முதல் பருவத்தின் முடிவு, கட்டுரை சமர்ப்பிக்கும் காலம். இன்ஸ்டிட்யூட்டின் தொழில்முறை நிலைத் தேர்வுகள் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பரில். பாடம் டிசம்பரில் முடிகிறது, ஆகவே தேர்வு மார்ச்சில் என்று பல்கலைக்கழகம் அட்டவணை போட்டது. மார்ச்சில்தான் வகுப்பே இல்லையே என்பது அவர்கள் நினைப்பு. அதே மார்ச்சில்தான் வகுப்புக்குப் போக வேண்டியதில்லையே என்று நாங்களும் அவரைப் பெரிய கிளையண்டில் போட்டோம். இரண்டு வீட்டாரும் ஒரே நாளில் முகூர்த்தம் குறித்துவிட்டு, மாப்பிள்ளை எப்படியும் வந்துவிடுவார் என்று இருந்த கதை.

வங்கிக் கடிதம்

முதல் ஜனவரி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2018 இல் அவர் செய்தது எல்லா ஜூனியரும் செய்வதுதான்: வவுச்சர் தேடுவது, வங்கி ரீகன்சிலியேஷன் சரிபார்ப்பது, கிளையண்டின் கணக்கில் என்ன இருக்கிறது என்று வங்கிகளிடமே கேட்டு உறுதிப்படுத்தல் கடிதம் அனுப்புவது. ஆடிட்டில் இதைவிட அலுப்பான வேலை கிடையாது. ஒரு கிளையண்டின் கணக்குப் பிரிவு ஆள், "கொடுங்கள், நானே வங்கிக்கு அனுப்பிவிடுகிறேன்" என்று நல்ல மனதோடு கேட்டிருக்கிறார். இவர் கொடுக்கப் போயிருக்கிறார். சீனியர் ஓடி வந்து தடுத்தார். அந்தக் கடிதம் ஆடிட்டர் கையிலிருந்து நேராக வங்கிக்குப் போக வேண்டும், பதிலும் நேராக வர வேண்டும். இடையில் கிளையண்ட் கை பட்டால் அந்தப் பதிலை நம்ப முடியாது. "ஒரு ஸ்டாம்புக்கு இவ்வளவு கலவரமா?" என்று அன்று மாலை என்னிடம் கேட்டார்.

அதே வருடம் அக்டோபரில், அவர் வகுப்பில் இருந்த நேரம், பட்டிசரி வலேரி கேக் கடைகளை நடத்திய நிறுவனத்தின் கணக்குகளில் மோசடி வெளிவந்தது. இயக்குநர் குழுவுக்கே தெரியாத இரண்டு ஓவர்டிராஃப்ட் கணக்குகள், அவற்றில் ஏறத்தாழ 1 கோடி பவுண்டு கடன். குறைந்தது 4 கோடி பவுண்டு ஓட்டை என்று முதலில் சொன்னார்கள், அது பிறகு இன்னும் பெரிதானது. 2019 ஜனவரியில் நிறுவனம் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. விரிவுரையாளர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் அதை மட்டுமே பேசினாராம். வகுப்பில் இருந்த மற்றவர்களுக்கு அது செய்தி. இவருக்கு மட்டும் அந்தக் கடிதத்தைக் கேட்ட மனிதரின் முகம் ஞாபகம் வந்திருக்கிறது. அவர் நல்ல மனிதர்தான், அந்தக் கணக்கிலும் ஒரு குறையுமில்லை. ஆனால் ஸ்டாம்ப் பற்றிய கேள்வி அதோடு போயிற்று.

வேலை முந்திக்கொண்டு வந்து, விளக்கம் பத்து மாதம் கழித்து வந்த கதை இது. வேலையில் சேராத வகுப்புத் தோழர்கள் தேர்வில் இதே பகுதிக்கு இவரைவிட நல்ல விடை எழுதியிருக்கவும் கூடும். விடை எழுதுவது ஒன்று. இன்னொரு முறை ஒருவர் கைநீட்டிக் கேட்கும்போது கை தானாகப் பின்னால் போவது வேறொன்று.

51 மதிப்பெண்

2019 மார்ச்சில் நிதிக் கணக்கியலும் அறிக்கையிடலும் என்ற தாளை எழுதினார். தேர்ச்சிக்கு 55 வேண்டும். ஏப்ரலில் முடிவு வந்தது: 51.

இன்ஸ்டிட்யூட் அந்த நிலையில் நான்கு முயற்சிகள் அனுமதிக்கிறது. எங்கள் ஒப்பந்தம் அவ்வளவு தாராளமில்லை. முதல் முறை தவறினால் இன்னொரு வாய்ப்பு. அதிலும் தவறினால் வேலையிலிருந்து நீக்க அலுவலகத்துக்கு உரிமை உண்டு. வேலை போனால் அப்ரெண்டிஸ்ஷிப் போகும், அதோடு பட்டமும் நடுத்தெருவில் நிற்கும். நான்கு மதிப்பெண்ணில் மூன்று கயிறும் ஒன்றாக அறுந்துவிடும் நிலை. இந்த ஏற்பாட்டை வடிவமைத்தபோது எங்களில் யாரும் அந்த முடிச்சைக் கவனிக்கவில்லை.

அப்போது நான் செய்ததைச் சொல்லிவிட வேண்டும். அறைக்குக் கூப்பிட்டு, "நாங்களெல்லாம் அப்படித்தான் படிச்சோம்மா. பகல்ல ஆர்ட்டிக்கிள்ஸ், ராத்திரி படிப்பு" என்று சொன்னேன். ஆறுதல் என்று நினைத்துச் சொன்னது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்றிரவு ரயிலில் போகும்போது அந்த வாக்கியம் உறுத்த ஆரம்பித்தது. நான் மயிலாப்பூரில் ஆர்ட்டிக்கிள்ஷிப் செய்த காலத்தில் பி.காம். மெட்ராஸ் யூனிவர்சிட்டி கரஸ்ஸில்தான். சேப்பாக்கத்திலிருந்து பாடம் தபாலில் வரும், கட்டுப் பிரிக்காமலே பரணுக்குப் போகும். தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் கைடு வாங்கிப் படித்துப் பாஸ் செய்தேன். அப்போது அக்டோபர் 31 டாக்ஸ் ஆடிட் கெடு, அதன் பின்னாலேயே நவம்பர் சிஏ பரீட்சை. அதற்கென்று நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டுதான் எழுதினேன். அதாவது நான் எதையும் சேர்த்துச் செய்யவில்லை. இரண்டில் ஒன்று பொம்மை. எனக்குப் பட்டம் பொம்மை. கல்லூரிக்கு ஒழுங்காகப் போன நண்பர்கள் சிலருக்கு ஆர்ட்டிக்கிள்ஷிப் பொம்மை. 'டம்மி ஆர்ட்டிக்கிள்ஸ்' என்ற சொல் தெரியாத சிஏ மாணவர் சென்னையில் இருக்க முடியாது. சிஏ தேர்வு நடத்தும் இந்திய இன்ஸ்டிட்யூட், வேறு படிப்பும் படிக்க அனுமதி கேட்கும் 112 ஆம் படிவம் வாங்கியதும், கல்லூரி நேரம் பகல் 11 முதல் 5 வரைக்குள் வரக்கூடாது என்று கெடுபிடி செய்ததும் இதற்காகத்தான்.

இந்தப் பெண்ணுக்கு அந்தச் சலுகையே இல்லை. வகுப்புக்கு வருகைப் பதிவு உண்டு. அலுவலகத்தில் கால் மணி நேரத்துக்கு ஒரு டைம்ஷீட் வரி. அரசுப் பணம் என்பதால் பயிற்சி நேரத்துக்குத் தணிக்கை உண்டு. இரண்டுமே நிஜம். அப்படிப்பட்ட ஒன்றை நான் என் இருபது வயதில் செய்ததே இல்லை.

மறுநாள் அவருடைய டைம்ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். ஜனவரி 2 முதல் தேர்வு வரை ஒன்பது வாரம். வாரத்துக்கு ஒன்றாக ஒன்பது படிப்பு நாள் ஒதுக்கியிருந்தோம். எடுத்தது மூன்று. மற்ற ஆறும் 'கிளையண்ட் அவசரம்' என்று நகர்த்தப்பட்டு, நகர்ந்த இடத்திலிருந்து மறுபடி நகர்த்தப்பட்டு மறைந்திருந்தன. ஒப்பந்தப்படி வாரத்துக்கு 35 மணி நேரம், சராசரி 47. ஜனவரி இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் மட்டும் நள்ளிரவில் பல்கலைக்கழக இணையதளத்தில் கட்டுரை ஏறியிருந்தது.

பல்கலைக்கழக டியூட்டரைக் கேட்டால், "எங்களிடம் அவர் எதுவும் சொல்லவில்லையே" என்றார். ஆடிட் மேனேஜரும் அதையே சொன்னார். கடைசியில் அவரிடமே கேட்டேன். "மேனேஜரிட்டச் சொன்னா வேலைக்குப் பஞ்சிப்படுறன் எண்டு நினைப்பார். டியூட்டரிட்டச் சொன்னா, அது உங்கட எம்ப்ளாயரோட கதைக்க வேண்டிய விசயம் எண்டுவா. யூனியில என்னை வேலைக்குப் போறவள் எண்டு பாக்கினம். ஒபிசில ஸ்டூடன்ட் எண்டு பாக்கினம்." பஞ்சி என்றால் யாழ்ப்பாணத்தில் சோம்பல்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாணவர், அலுவலகம், பல்கலைக்கழகம் மூவரும் கூடிப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. பிப்ரவரிக் கூட்டம் 'பிஸி சீசன்' என்று தள்ளிப்போயிருந்தது. தள்ளி வைத்தது நான்தான்.

ஒரு ஏ3 தாள்

தீர்வு என்று பெரிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு ஏ3 தாளில் 52 கட்டம் குறுக்கே, மூன்று வரி நெடுக்கே போட்டோம்: பல்கலைக்கழகம், இன்ஸ்டிட்யூட், ஆபீஸ். ஒரு வாரத்தில் இரண்டு வரி நிரம்பினால் மூன்றாவது வரி காலியாக இருந்தே ஆக வேண்டும். அந்தக் காலிக் கட்டத்தில் கைவைக்க மேனேஜருக்கு அதிகாரம் இல்லை. பார்ட்னர் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக் கேட்டுப் பார்ட்னர் அறைக்குப் போவது எந்த மேனேஜருக்கும் பிடிக்காது. திட்டத்தின் பலமே அந்தப் பிடிக்காமைதான்.

தாளைப் போட்டதும் சில விஷயங்கள் வெட்கப்படும் அளவுக்குப் பளிச்சென்று தெரிந்தன. அந்தக் கணக்கியல் தேர்வை மார்ச்சில்தான் எழுத வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. ஜூனுக்கு நகர்த்தினால் பாடங்களின் வரிசை ஒன்று மாறும், அவ்வளவுதான். டியூட்டர் முதலில் முணுமுணுத்தார், அப்புறம் அவரே அடுத்த அணிக்கும் சேர்த்து மாற்றினார். ஜனவரிக் கட்டுரையின் கெடு பத்து நாள் முன்னால் வந்தது. டிசம்பரிலேயே முடித்துவிட்டு வரலாம். ஆபீஸ் பக்கம், தேர்வு இருக்கும் பருவத்தில் அப்ரெண்டிஸ்களை டிசம்பர் கணக்காண்டுப் பெரிய கிளையண்டில் போடாமல், செப்டம்பரில் கணக்கு முடிக்கும் நிறுவனங்களில் போட்டோம். அங்கே அவசரம் குறைவு.

எதிர்ப்பு வந்தது பார்ட்னர் ஒருவரிடமிருந்து. ஒன்பது நாள் யாருக்கும் பில் போட முடியாது என்றார். நியாயமான கணக்குதான். ஒரு அப்ரெண்டிஸ் நடுவில் போனால் இரண்டு வருடப் பயிற்சி போகும், லெவியிலிருந்து செலவானது திரும்பாது என்று நான் எதிர்க்கணக்குப் போட்டேன். அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. கையெழுத்து மட்டும் போட்டார்.

ஜூனில் அவர் மறுபடி எழுதினார். 71.

ஏ3 தாளால்தான் 71 வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டாம் முறை எழுதுபவருக்குப் பாதி பாடம் ஏற்கெனவே தெரியும், பயமும் ஒரு நல்ல வாத்தியார். அதே அணியில் நால்வரில் ஒருவர் தாள் வந்த பிறகும் விலகினார். அவர் மதிப்பெண்ணில் குறை இல்லை. சக வயதுப் பிள்ளைகள் விடுதியில் கும்மாளமடிக்கும்போது தான் மட்டும் காலை 7.40 ரயிலில் சூட் போட்டுக்கொண்டு நிற்பது பிடிக்கவில்லை என்றார். வழக்கமான முழுநேரப் படிப்புக்குப் போய்விட்டார். அவர் எடுத்தது தவறான முடிவு என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை.

குத்தகையின் நீளம்

இரண்டும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதை 2020 ஜனவரியில் பார்த்தேன். ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற குத்தகைத் தரநிலை 2019 ஜனவரி 1 இல் தொடங்கும் கணக்காண்டுகளிலிருந்து அமலுக்கு வந்திருந்தது. அதற்கு முன்பு கடை வாடகை பெரும்பாலும் வெறும் செலவு. இப்போது குத்தகைக் காலம் முழுவதற்குமான கடப்பாடும் சொத்தும் இருப்புநிலைக் குறிப்பில் ஏற வேண்டும். 2019 டிசம்பர் கணக்குகள்தான் பலருக்கும் முதல் முழு ஆண்டு. எங்கள் சீனியர்கள் ஐஏஎஸ் 17 என்ற பழைய குத்தகைத் தரநிலையில் வளர்ந்தவர்கள். இவரோ புதியதை மட்டுமே படித்தவர், அதுவும் இரண்டு மாதம் முன்புதான்.

கிளையண்ட் ஏஐஎம்மில் இருக்கும் ஒரு உணவக நிறுவனம். ஒரு கிளையின் குத்தகை பத்து வருடம், ஐந்தாம் வருடத்தில் விலகிக்கொள்ள உரிமை உண்டு. நிறுவனம் ஐந்து வருடமே கணக்கில் எடுத்திருந்தது. கடன் பாதியாகத் தெரியும், யாருக்கு வலிக்கும்? சீனியரும் டிக் போட்டுவிட்டார். இவர் நிலையான சொத்துப் பதிவேட்டைச் சரிபார்க்கும்போது அதே கிளையில் புதிதாகப் போட்ட சமையலறையைப் பார்த்தார். அதற்குப் பத்து வருடத் தேய்மானம் போட்டிருந்தார்கள். பத்து வருடம் உழைக்கும் சமையலறையைக் கட்டிவிட்டு ஐந்தில் காலி செய்வார்களா? குத்தகைக் காலத்தையும் அந்த இடத்தில் செய்த மேம்பாடுகளின் ஆயுளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது பற்றி ஐஎஃப்ஆர்எஸ் விளக்கக் குழு 2019 நவம்பரில்தான் ஒரு முடிவு வெளியிட்டிருந்தது. அதை வைத்து அவர் டிசம்பரில் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுரை எழுதியிருந்தார். கெடுவை முன்னால் இழுத்தோமே, அதே கட்டுரை.

சீனியரிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். சீனியர் நல்லவர், ரிவ்யூ நோட்டில் அவர் பெயரையே போட்டு எழுதினார். நிறுவனம் பத்து வருடத்துக்கு மாற்றியது.

அந்த மார்ச் 23 அன்று ஊரடங்கு வந்தது. கிடங்குச் சரக்கை எண்ணிச் சரிபார்க்கும் ஸ்டாக் கவுண்ட் வீடியோவில் நடந்தது. கிடங்குக்காரர் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நடப்பார், இவர் வீட்டிலிருந்து "அந்தக் கடைசி ராக்கையைத் திருப்பிக் காட்டுங்கள்" என்பார். அதுகூடப் பரவாயில்லை. பக்கத்து மேசையில் சீனியர் கிளையண்டோடு ஃபோனில் எப்படிப் பேசுகிறார், எப்போது குரலைத் தாழ்த்துகிறார், எப்போது பேசாமல் இருக்கிறார் என்று ஒட்டுக்கேட்டுக் கற்பது முழுக்க நின்றுபோனது. இவருக்கு அதற்குள் இரண்டரை வருடம் கிடைத்துவிட்டது. 2020 இல் சேர்ந்தவர்கள் வேலையை வேகமாகக் கற்றார்கள், ஃபோனை எடுக்க மட்டும் இரண்டு வருடம் பயந்தார்கள்.

அப்புறம் எல்லாம் சீராகப் போனது, எழுத அதிகமில்லை. 2021 ஜூலையில் ஏசிஏவின் கடைசித் தாளான கேஸ் ஸ்டடி. அதே கோடையில் பட்டம்.

இந்திய இன்ஸ்டிட்யூட் 2023 இல் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. ஆர்ட்டிக்கிள்ஷிப்பை மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது. அந்த இரண்டு வருடமும் தேர்வுத் தொல்லை இல்லாமல் வேலை, முடிந்து ஆறு மாதம் கழித்தே ஃபைனல் என்று திட்டமிட்டது. பின்னலே வேண்டாம், பிரித்துவிடலாம் என்ற முடிவு. பொம்மை ஆர்ட்டிக்கிள்ஸ் குறையலாம். ஆனால் குத்தகைக் கட்டுரையை எழுதிய கை அடுத்த மாதமே சமையலறைப் பதிவேட்டைப் புரட்டும் வாய்ப்பு அதில் இல்லை. எது மேல் என்று என்னைக் கேட்டால், ஏ3 தாளுக்குக் கையெழுத்துப் போட ஒரு பார்ட்னர் இருக்கும் இடத்தில் பின்னல், இல்லாத இடத்தில் பிரிப்பு என்பேன்.

இங்கிலாந்திலும் விதி மாறியிருக்கிறது. 2026 ஜனவரி முதல், முதுகலைப் பட்டத்துக்கு இணையான ஏழாம் நிலை அப்ரெண்டிஸ்ஷிப்புக்கான அரசு நிதி, சில விதிவிலக்குகள் தவிர, 16 முதல் 21 வயதுக்குள் தொடங்குபவர்களுக்கு மட்டும்தான். கணக்கியலில் பட்டம் முடித்துவிட்டு வருபவர்களில் பலர் அந்த வயதைத் தாண்டியிருப்பார்கள். பள்ளி முடித்து நேராக வருபவர்களை எடுக்க அலுவலகங்களுக்கு இது இன்னொரு காரணம். எங்கள் தாளில் இப்போது கட்டங்கள் போதவில்லை.

சென்ற வருடம் தைப்பொங்கலுக்கு அந்த வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முன்கூடத்தில் கருப்பு அங்கியும் தொப்பியுமாக மகளின் பட்டமளிப்புப் படம் சுவரை அடைத்துக்கொண்டு தொங்கியது. ஏசிஏ சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். அம்மா உள்ளே போய் மேசை லாச்சியைத் துழாவி, ஒரு கவரோடு வந்தார்.

"இதையே கேக்கிறியள் அண்ணா? இதுக்கும் பிரேம் போட வேணுமோ?"

"லாச்சிக்குள்ளயே இருக்கட்டும் அம்மா" என்றார் மகள், இட்லித் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே.